தருக்கமும் தருக்கும்

தருக்கம் என்பது அளவை நூல். தருக்கு என்பது ஆணவம். ஒலியிலே உடன்பிறப்புகள், பொருளிலே பகைவர்கள்! ஆயினும், மன்றமேறிப் பகுத்தறிவு பேசும் நாம், எதிரே இருப்பவர் ஐயமொன்றை எழுப்பியதும், "உமக்குத் தருக்கமே தெரியவில்லை" என்று வாயடைத்து விடுகிறோமே, அந்த நொடியில் நம்மிடம் இருப்பது தருக்கமா, தருக்கா?

ஏதுமறியாதார் மட்டும் செய்யும் பிழையன்று இது. பேரறிஞர்களே இதிலே வழுக்கி வீழ்ந்த வரலாறு உண்டு.

ஒரு கூற்று உண்மை; அன்றேல் அதன் மறுப்பு உண்மை; மூன்றாவது வழியில்லை — கிரேக்க அறிஞன் அரிஸ்டாட்டில் காலந்தொட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுவந்த விதி இது. 1908இல் ஆலந்து நாட்டு இளைஞர் பிரௌவர் அதை உரைத்துப் பார்த்தார். எண்ணி முடிக்கக்கூடியவற்றுக்கு விதி பொருந்தும். எண்ணி முடியாதவற்றுக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், முடிவின்றி நீள்வது. அந்த நெடுவரிசையிலே 0123456789 என்ற தொடர் எங்கேனும் வருமா? வரும், அல்லது வராது என்றனர் பழைய தருக்கத்தார். கண்டு காட்டாமலும், வரவே வராதென மெய்ப்பிக்காமலும் அப்படிக் கூறுவது நம்பிக்கையே என்றார் பிரௌவர். 1997இல் கணிப்பொறி அத்தொடரைக் கண்டுபிடித்தது. அது முடிவின்றி மீண்டும் மீண்டும் வருமா என்ற கேள்வியோ இன்னும் விடையின்றி நிற்கிறது.

ஜெர்மன் நாட்டின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலே, கணித உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர் ஹில்பர்ட். அவ்விதியைக் கணிதரிடமிருந்து பறிப்பது, குத்துச்சண்டை வீரனின் முட்டிகளைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்றார். அதுவரை அது வாதம், வரவேற்போம். ஆனால் 1928இல், நோய்வாய்ப்பட்டிருந்த ஹில்பர்ட், 'மதமாட்டிஷே அன்னாலன்' என்னும் கணித ஏட்டின் ஆசிரியர் குழுவிலிருந்து பிரௌவரை நீக்க முனைந்தார். தலைமை ஆசிரியர்களுள் ஒருவரான ஐன்ஸ்டைன் எப்பக்கமும் சேர மறுத்து, தவளைக்கும் எலிக்கும் நடக்கும் போர் இதுவென எள்ளி நகைத்தார். ஆண்டு முடியுமுன் குழுவே கலைக்கப்பட்டது. புதிய குழுவிலே பிரௌவர் இல்லை! அவ்வாண்டு நடந்த பொலோஞா மாநாடு பற்றிய பூசலும் இதிலே கலந்திருந்தது. பிடிவாதத்திலே பிரௌவரும் சளைத்தவரல்லர். எனினும் கேட்கிறோம்: கேள்விக்கு விடை, கேட்டவரை வெளியேற்றுவதா?

1930 செப்டம்பர் 8, கோனிக்ஸ்பர்க் நகரம். தீராத புதிரென எதுவுமில்லை, அறிந்தே தீருவோம் என முழங்கினார் ஹில்பர்ட். அதே நகரில், அதற்கு முந்தைய நாள், 24 வயது இளைஞர் கோடல் அமைதியாக ஓர் உண்மையைச் சொல்லியிருந்தார். 1931இல் அது அச்சேறியது: எண் கணிதத்தை உள்ளடக்கி, முரணின்றி விதிகளால் கட்டப்பட்ட எந்த அமைப்பிலும், அதற்குள்ளேயே மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாத கூற்று இருந்தே தீரும்! ஹில்பர்ட் எழுப்ப நினைத்த கோட்டையிலே விரிசல் விழுந்தது.

பிரௌவர் வென்றார் என்பதா? அதுவுமில்லை. கணிதர் பெரும்பாலோர் இன்றும் பழைய விதியையே ஆள்கின்றனர். பிரௌவர் வழிவந்த தருக்கமோ, மெய்ப்பிப்புகளைச் சரிபார்க்கும் கணிப்பொறிக் கருவிகள் சிலவற்றுக்கு அடித்தளமாயிற்று. அறிவுலகிலே இருவருக்கும் இடமிருந்தது. ஆசிரியர் குழுவிலேதான் இடமில்லாமற் போயிற்று!

இன்னொருவரையும் நினைவிற் கொள்வோம். 1902இல், தம் வாழ்நாள் உழைப்பான நூலின் இரண்டாம் பாகம் அச்சிலிருக்கையிலே, ரசல் எழுதிய கடிதமொன்றால் தம் அடிப்படையே ஆட்டங்கண்டதை உணர்ந்தார் பிரெகெ. மறைத்தாரா? சினந்தாரா? இல்லை. பிழையை ஒப்பி, நூலின் இறுதியிலே தாமே எழுதிச் சேர்த்தார்.

பகுத்தறிவு நம் கையிலுள்ள உரைகல். ஊரார் பொன்னை உரைத்துப் பார்க்கும் நாம், நம் பொன்னையும் அதிலே உரைக்க அஞ்சோம். அஞ்சினால், நாமும் ஒரு மடம் கட்டியவராவோம். மடாதிபதி மட்டுமே புதியவர்!