ஹிரோ ஊரின் கடலணை

வருமுன் காத்தல் நன்று என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும், இடர் நீங்கிய சில ஆண்டுகளிலேயே அதனை மறந்துவிடுதல் மக்கள் இயல்பு. அவ்வியல்பை வென்ற சிற்றூர் ஒன்று ஜப்பானில் உண்டு. வக்காயாமாக் கடற்கரையில் உள்ள ஹிரோ என்பதே அது.

1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மாலை அங்குப் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து கடல்கோள் ஊருக்குள் புகுந்தது. சோயா சாறு வணிகக் குடும்பத்தில் பிறந்த ஹமகுச்சி கோர்யோ அப்போது ஊரில் இருந்தார். இருளில் ஓடுவோர் மேட்டு நிலத்துக்கு வழி காணும்பொருட்டு, வயல்களில் இருந்த வைக்கோற்போர்களுக்கு அவர் தீ மூட்டுவித்தார். அவ்வொளியைக் கண்டு நடந்த பலர் உயிர் பிழைத்தனர்.

ஜப்பானில் குடியேறிய எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் 1897இல் இதனைக் கதையாக்கினார். அக்கதையில் ஹமகுச்சி ஒரு முதியவர். குன்றின்மேல் நின்று கடல் பின்வாங்குவதைக் கண்டு, தம் விளைச்சலையே கொளுத்தி மக்களை மேலே வரவழைக்கிறார். 1937 முதல் பத்தாண்டுக் காலம் ஜப்பானியப் பள்ளிப் பாடநூலிலும் இக்கதை இடம்பெற்றது. உண்மையில் அவருக்கு அன்று வயது 34. தீ மூட்டப்பட்டதும் அலை ஊரைத் தாக்கிய பின்னரே.

கதை விட்டுவிட்ட பகுதியே வரலாற்றில் பெரிது. வீடும் படகும் இழந்த மக்கள் ஊரைவிட்டுப் போகும் நிலை உருவாயிற்று. ஹமகுச்சி தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, 1855 முதல் 1858 வரை கடலோரத்தில் ஓர் அணைகரை எழுப்பினார். அதன் நீளம் சுமார் 600 மீட்டர். உயரம் 5 மீட்டர். ஊராரே கூலி பெற்று மண் சுமந்தனர். அன்றைய பசிக்கும் நாளைய இடருக்கும் ஒரே பணி விடையளித்தது.

அவர் 1885இல் காலமானார். 1946ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மீண்டும் கடல்கோள் வந்தது. அணைகரைக்கு உட்பட்ட குடியிருப்பின் பெரும்பகுதி தப்பியது. அதன் காப்புக்கு வெளியே இருந்த தாழ்நிலத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

88 ஆண்டுகள் கரையைக் காத்தது மண் மட்டுமன்று, நினைவும் ஆகும். 1903இல் தொடங்கிய கடல்கோள் விழாவில் ஊர்மக்கள் மண் கொணர்ந்து கரையில் இடுகின்றனர். பள்ளிச் சிறுவரும் அதில் பங்குகொள்கின்றனர். பழைய நாட்காட்டியின்படி அப்பேரிடர் 11ஆம் மாதம் 5ஆம் நாள் நிகழ்ந்தது. அதனை ஒட்டியே ஐக்கிய நாடுகள் அவை 2015இல் நவம்பர் 5ஆம் நாளை உலகக் கடல்கோள் விழிப்புணர்வு நாளாக ஏற்றது.

ஓர் இரவின் வீரச்செயல் மாணவர் நெஞ்சை எளிதில் கவரும். நான்கு ஆண்டு உழைப்பையும், தலைமுறைதோறும் இடப்படும் ஒரு பிடி மண்ணையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தலே பாடத்தை நிறைவு செய்யும்.