லிவர்பூல் மேலாளர்கள்: ரசிகர்களின் ஒப்பீட்டு மரபு

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தில் ஒரு மேலாளர் விடைபெறும்போதெல்லாம், அதே நாற்காலியில் முன்பு இருந்தவர்களோடு அவரை நிறுத்திப் பார்ப்பது ரசிகர்களின் நெடுநாள் வழக்கம். ஒன்பது பருவங்கள் பொறுப்பிலிருந்த ஜெர்மானியரான யூர்கன் கிளாப் 2024 மே மாதம் விலகியபோது இந்த ஒப்பீடு மீண்டும் சூடுபிடித்தது. கழகம் 1892இல் தோன்றியது. ஆனால் ரசிகர்களின் கணக்கு 1959இல் பில் ஷாங்க்லி வந்ததிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன் 1901, 1906 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்ற டாம் வாட்சனும், 1947இல் வென்ற ஜார்ஜ் கேயும் பேச்சில் வருவதே அரிது. ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்து, பதவியில் இருக்கும்போதே 1915இல் இறந்துபோன வாட்சனுக்கு இது பெரிய அநியாயம்தான்.

கோப்பைகளை மட்டும் எண்ணினால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1974 முதல் 1983 வரை பொறுப்பிலிருந்த பாப் பெய்ஸ்லி ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், மூன்று லீக் கோப்பைகள், ஒரு யூஇஎஃப்ஏ கோப்பை என்று வாரிக் குவித்தார். பருவத் தொடக்கக் கேடயங்கள் முதலியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 20. மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் மேலாளரும் அவரே. அதே முறையில் எண்ணினால் கிளாப்பின் கணக்கு எட்டு. ஆனாலும் ‘எல்லாரிலும் பெரியவர் யார்?’ என்று கேட்டால் பழைய தலைமுறையில் பலர் ஷாங்க்லி என்பார்கள். இளையவர்கள் கிளாப் என்பார்கள். பெய்ஸ்லியின் பெயர் சற்றுத் தயங்கித்தான் வரும். ரசிகர்களின் அளவுகோல் கோப்பை அலமாரிக்கு வெளியே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஷாங்க்லியும் பெய்ஸ்லியும்

ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்த ஷாங்க்லி வந்தபோது அணி இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1962இல் முதல் பிரிவுக்கு ஏற்றினார். 1964, 1966, 1973 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றார். கழகத்துக்கு அதுவரை எட்டாக்கனியாக இருந்த எஃப்.ஏ. கோப்பையை 1965இல் கொண்டுவந்தார். அணி தலைமுதல் கால்வரை சிவப்புச் சீருடைக்கு மாறியதும் அவர் காலத்தில்தான்.

ஆனால் அவரைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது இவற்றை அல்ல. 1973இல் பட்டம் வென்ற நாளில், கூட்டத்திலிருந்து யாரோ அவரை நோக்கி எறிந்த கழுத்துத் துண்டை ஒரு காவலர் காலால் ஒதுக்கித் தள்ளினார். ஷாங்க்லி குனிந்து அதை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அது ஒருவருடைய உயிராக இருக்கலாம் என்று காவலரைக் கடிந்தார். பின்னால் வந்த ஒவ்வொரு மேலாளரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் காட்சியோடுதான் ஒப்பிடப்படுகிறார். ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே 1997இல் நிறுவப்பட்ட அவருடைய சிலையிலும் கோப்பைப் பட்டியல் முன்னிற்கவில்லை. மக்களை மகிழ்வித்தவர் என்ற வாசகமே பொறிக்கப்பட்டது.

பெய்ஸ்லி இதற்கு நேரெதிர். டர்ஹாம் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. கழகத்தின் பழைய ஆட்டக்காரர். பிறகு காயங்களுக்கு மருத்துவம் பார்த்தவர், பயிற்சியாளர். மேடைப்பேச்சு வராது. ஒரு வீரர் நடக்கும் விதத்தை வைத்தே அவருக்கு எங்கே காயம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பேட்டிகளில் சுடச்சுட வாசகங்கள் உதிர்க்காதவரைப் பற்றி நினைவுகூரக் கதைகள் குறைவு. 2020இல்தான் அவருக்கு ஆன்ஃபீல்டில் சிலை வந்தது. அதிலும், பின்னாளில் அணித் தலைவரான எம்லின் ஹியூஸைக் காயத்தோடு முதுகில் சுமந்துவரும் 1968ஆம் ஆண்டுக் காட்சியே வடிக்கப்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டின் மாட் பஸ்பிக்கும் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் கிடைத்த ‘சர்’ பட்டம் பெய்ஸ்லிக்குக் கிடைக்கவே இல்லை என்பது லிவர்பூல்காரர்களின் ஆறாத மனக்குறை.

எண்களின் சிக்கல்

புள்ளிவிவரம் பேசுவோருக்கும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. 1978-79 பருவத்தில் பெய்ஸ்லியின் அணி 42 ஆட்டங்களில் 30 வென்று, 8 சமன்செய்து, 4 தோற்றது. வாங்கிய கோல்கள் வெறும் 16. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான், ஆகவே 68 புள்ளிகள். இரண்டாவதாக வந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற முறை 1981-82இல் வந்தது; அதன்படி பார்த்தால் பெய்ஸ்லியின் அணிக்கு 98. கிளாப்பின் 2018-19 அணியும் சரியாக 30 ஆட்டங்களே வென்றது. ஆனால் 38 ஆட்டங்களில், ஒரே ஒரு தோல்வியோடு. புள்ளிகள் 97. பட்டம் மட்டும் இல்லை: மான்செஸ்டர் சிட்டி 98 எடுத்திருந்தது. 2021-22இலும் இதே கதை, 92க்கு 93.

1978-79 அணி எளிதாகச் சாம்பியன் ஆனது. 2018-19 அணி விகிதத்தில் அதையும் விஞ்சி இரண்டாமிடம் பெற்றது. கிளாப்பின் ஆதரவாளர்கள் ஒரு புள்ளியில் பட்டம் நழுவிய இரு பருவங்களையும் அவர் பெயரில் வரவு வைப்பார்கள். சிட்டியின் நிதி நடவடிக்கைகள் குறித்து 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் குற்றச்சாட்டுகளை அடுக்கிய பிறகு அந்தக் குரல் இன்னும் உரத்தது. கிடைக்காத கோப்பையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று மறுதரப்பு சிரிக்கிறது. இங்கே மறுதரப்பின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. இரண்டாமிடத்தின் பெருமை அந்த அணியின் தரத்துக்குச் சான்றாகலாம், அது பட்டமாகாது.

ஐரோப்பாவிலும் களம் மாறிவிட்டது. பெய்ஸ்லி காலத்தில் நாட்டுச் சாம்பியன்களும் நடப்பு வெற்றியாளரும் மட்டுமே ஐரோப்பியக் கோப்பையில் ஆடினர். 1977இல் ஒன்பது ஆட்டங்களில் கோப்பை கைக்கு வந்தது. 2019இல் கிளாப்புக்குப் பதின்மூன்று ஆட்டங்கள் தேவைப்பட்டன. எதிரே வந்ததும் வலுவான நாடுகளின் மூன்றாம், நான்காம் இடத்து அணிகள் வரை. ஆனால் அன்று ஒரு சுற்றில் சறுக்கினால் ஆண்டு முழுதும் போச்சு. குழுச் சுற்று என்ற மெத்தை கிடையாது.

துயரத்தில் உடனிருந்தவர்கள்

லிவர்பூலின் ஒப்பீடுகளை வேறெந்தக் கழகத்தின் ஒப்பீடுகளிலிருந்தும் பிரித்துக் காட்டுவது 1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். அப்போது மேலாளராக இருந்த கென்னி டால்கிலிஷ், 1986, 1988, 1990 லீக் பட்டங்களுக்குச் சொந்தக்காரர். அந்த நகரம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவதற்குக் காரணம் வேறு: இறுதிச் சடங்கு சடங்காகச் சென்று வந்தார், ஒரே நாளில் நான்கு சடங்குகளிலும் நின்றார். அந்தச் சுமையே 1991இல் அவர் பதவி விலகக் காரணமாயிற்று.

அவருக்குப் பின் வந்த கிரேம் சூனஸ், 1984இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியின் தலைவர். ஹில்ஸ்பரோவில் இறந்தவர்கள் மீதே பழிசுமத்திப் பொய் எழுதிய ‘தி சன்’ நாளிதழுக்குத் தன் இதய அறுவைச் சிகிச்சைக் கதையைக் கொடுத்தார். அது துயரத்தின் மூன்றாம் நினைவு நாளில் அச்சேறியது. அடுத்த மாதமே அவருடைய அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது, யாரும் மனம் இளகவில்லை. ரஃபா பெனிடெஸ் கதை தலைகீழ். 2005இல் இஸ்தான்புல்லில் ஏசி மிலானிடம் 0-3 என்று பின்தங்கியிருந்து வென்ற இறுதியாட்டம் அவருடையது. லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2010இல் விலகியபோது ஹில்ஸ்பரோ குடும்பங்களின் அமைப்புக்கு 96,000 பவுண்டு கொடுத்துவிட்டுப் போனார். எதிர்முகாமான எவர்ட்டனுக்கு 2021இல் அவர் மேலாளரானபோதும் லிவர்பூலில் அவருக்கிருந்த இடம் முற்றிலும் பறிபோகவில்லை.

மற்றவர்கள் ஓரிரு வரியில் முடிந்துவிடுவார்கள். 1984இல் ஒரே பருவத்தில் மூன்று கோப்பை வென்ற ஜோ ஃபேகன், 2001இல் வேறு மூன்று வென்ற ஜெரார் ஊலியே, 2013-14இல் 101 கோல்கள் அடித்தும் பட்டத்தைக் கோட்டைவிட்ட பிரெண்டன் ராஜர்ஸ் ஆகியோர் இந்த வரிசையில் வருவார்கள். ஆறே மாதத்தில் வெளியேறிய ராய் ஹாட்ஜ்சன் வசைக்கு மட்டும் நினைவுகூரப்படுகிறார்.

கிளாப் எங்கே நிற்கிறார்?

2015 அக்டோபரில் கிளாப் வந்தபோது அணி பத்தாமிடத்தில் இருந்தது. சந்தேகப்படுகிறவர்களை நம்புகிறவர்களாக்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். ஷாங்க்லியோடு அவரை ஒப்பிடுவோர் பற்றிக்கொள்வது இதைத்தான். இருவருமே தூங்கிக்கொண்டிருந்த கழகத்தை எழுப்பியவர்கள். இருவருமே ஆன்ஃபீல்டின் தீவிர ரசிகர்கள் கூடும் ‘கொப்’ கேலரியோடு நேரடியாகப் பேசியவர்கள். 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2020இல் வந்த லீக் பட்டம் பெருந்தொற்றின் காரணமாக ஆளில்லாத மைதானத்தில் வழங்கப்பட்டது. அந்தக் குறையும் அவர் மீதான பாசத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

விலகிய பின் நடப்பதும் மதிப்பெண்ணை மாற்றும். 1974இல் திடீரென்று விலகிய ஷாங்க்லி, பிறகும் பயிற்சித் திடலுக்கு வந்து போனார். வீரர்கள் அவரையே ‘பாஸ்’ என்று அழைக்க, பெய்ஸ்லிக்குச் சங்கடமானது. கழகத்துக்கும் அவருக்கும் கசப்பு வளர்ந்து, கடைசியில் அவர் எவர்ட்டனின் திடலுக்குப் போய்வரத் தொடங்கினார். கிளாப் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். 2024 மே 19 அன்று தன் கடைசி ஆட்டம் முடிந்ததும், தனக்குப் பின் வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரைத் தானே பாடி, கூட்டத்தையும் பாட வைத்தார்.

அடுத்த பருவத்திலேயே ஸ்லாட் லீக் பட்டம் வென்றார். களமிறங்கிய புதுமுகம் என்று சொல்ல ஃபெடெரிகோ கியேசா ஒருவரே. மற்றபடி அது கிளாப் சேர்த்த அணி. கிளாப் எவ்வளவு நல்ல அணியை விட்டுச்சென்றார் பாருங்கள் என்றனர் ஒரு சாரார். இதே வீரர்களை வைத்து அவர் ஏன் இன்னும் வெல்லவில்லை என்றனர் மற்றவர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் 2013இல் இந்தக் குழப்பமே எழவில்லை: ஃபெர்குசன் விட்டுச்சென்ற சாம்பியன் அணியை டேவிட் மாய்ஸ் ஏழாமிடத்துக்கு இறக்க, ஃபெர்குசனின் உயரம் ஓராண்டில் இன்னும் கூடியது.

2024 அக்டோபரில், ரெட் புல் நிறுவனத்தின் கால்பந்துப் பிரிவுக்குத் தலைமை ஏற்கப்போவதாகக் கிளாப் அறிவித்தார். அந்த நிறுவனத்தின் பின்னணியிலுள்ள ஜெர்மனியின் லைப்சிக் அணி காரணமாக அதை வெறுக்கும், கிளாப் முன்பு மேலாளராக இருந்த டார்ட்மண்ட் கழகத்தின் ரசிகர்கள், தங்களுக்கு இரண்டு பட்டங்கள் வென்றுகொடுத்த அதே மனிதரைத் திட்டித் தீர்த்தனர். லைப்சிக்கோடு எந்தப் பகையும் இல்லாத லிவர்பூலில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை.