அந்துப்பூச்சியும் ஆப்பிள் தோட்டமும்

ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியை வெல்ல, அமெரிக்க உழவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஈய ஆர்சனேட் என்னும் நஞ்சையே நம்பியிருந்தனர். 1890களில் தொடங்கிய அவ்வழக்கம், இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. வரும்வரை நீடித்தது. பூச்சி நஞ்சுக்குப் பழகப் பழக, தெளிப்பும் பெருகியது. வாஷிங்டன் மாநிலத்தில் அம்மரங்கள் வெட்டப்பட்டு, வீடுகளும் பள்ளிகளும் எழுந்த பின்னரும், மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் தங்கிவிட்டன. பாட்டனார் கனியைக் காக்கத் தெளித்தது, பேரப்பிள்ளைகள் விளையாடும் மண்ணிலே கிடக்கிறது! இதனை நாம் எளிதில் கடந்து செல்ல இயலுமா?

மாற்று வழியின் வித்து வேறோர் இடத்தில், தோட்டத்தோடு தொடர்பேயில்லாத ஒரு வீட்டில் விழுந்தது. பிரான்சு நாட்டுச் செரிஞான் சிற்றூரில் வாழ்ந்த ழான் ஹான்ரி ஃபாப்ர், கூட்டிலிருந்து அன்று காலை வெளிவந்த பெரிய மயில் அந்துப்பூச்சி ஒன்றைக் கம்பிவலைக்குள் அடைத்து வைத்தார். அது பெண். அன்றிரவே ஏறக்குறைய நாற்பது ஆண் பூச்சிகள் இருளைக் கடந்து அவர் வீட்டினுள் புகுந்தன. காற்றுப் புகாத பெட்டியில் பெண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. நாப்தலீன் நெடியைச் சுற்றிலும் பரப்பினாலோ, அவை தயங்காமல் வந்தன. நம் மூக்குக்கு எட்டாத மணம் அது.

அம்மணத்தின் வேதியியலைக் கண்டறிய நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மானியரான அடால்ஃப் பூட்டனான்ட், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிப் பெண்களிடமிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, 1959இல் அதன் அமைப்பை வெளியிட்டார். இருபதாண்டு உழைப்பு! பெரோமோன் என்ற சொல்லும் அவ்வாண்டிலேயே பிறந்தது. 1971இல் நியூயார்க் மாநிலத்து ஜெனீவாவில் வெண்டல் ரோலாஃப்ஸ் குழுவினர், ஆண் பூச்சியின் உணர்கொம்பில் மின்முனைகளைப் பொருத்தி, எந்த மணத்திற்கு அது துடிக்கிறதென அளந்து, காட்லிங் பூச்சியின் மணத்தை இனங்கண்டனர்.

நம் உழவர் இனக்கவர்ச்சிப் பொறி என்றழைப்பதும் இவ்வகையே. மடித்த அட்டை, உள்ளே பசை, மணமேற்றிய ஒரு சிறு இரப்பர்த் துண்டு. இதில் ஆண் மட்டுமே சிக்கும். தப்பிய ஓர் ஆணே பல பெண்களோடு கூடுமாதலால், பூச்சியை ஒழிக்கும் கருவியாக இதனைக் கொள்வது பேராசை என்பதே நம் கருத்து. அதன் பயன் வேறு. முட்டையிலிருந்து வரும் புழு கனிக்குள் நுழைந்துவிட்டால் மருந்து எட்டாது. பொறியில் விழுந்தவற்றை எண்ணுபவர், தெளிக்க வேண்டிய நாளை அறிகிறார். வேண்டாத நாளையும் அறிகிறார்.

1990களிலிருந்து அமெரிக்கத் தோட்டங்களில் மரந்தோறும் இம்மணத்தைக் கட்டித் தொங்கவிடும் முறையும் பரவியது. எத்திசையிலும் அதே மணம் கமழ, ஆண் பூச்சி தன் துணையைக் காணாமல் அலைகிறது.