‘கீழ்’ என்னும் ஒரு சொல்

நீரின் குறியீட்டை எழுதும்போது எச், ஓ என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் இடையே, வரிக்குச் சற்றுக் கீழே, சிறிய 2 ஒன்றை எழுதுகிறீர்கள் அல்லவா? அது கீழ்க்குறி. கணக்கிலும் இது உண்டு. 101 என்னும் எண்ணின் காலடியில் சிறியதாக 10 என்று எழுதினால் அது நூற்றொன்று. 2 என்று எழுதினால் வெறும் ஐந்து! மேலே நிற்கும் இலக்கங்கள் மாறவில்லை. கீழே உள்ள குறியே அவற்றின் மதிப்பை முடிவு செய்கிறது.

இதே வேலையை ஒரு சொல்லால் செய்து முடித்தவர்கள் நம் தஞ்சைக் கணக்கர்கள். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலப்பரப்பு அவற்றில் உள்ளது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போன்ற இறையிலி நிலங்களைக் கழித்து, மீதிக்கு இவ்வளவு கலம் நெல் என்று வகுத்திருக்கிறார்கள்.

நிலத்தின் அலகு வேலி. அதில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. 320-ல் ஒன்று முந்திரி. அதற்கும் குறைந்தால்? புதுப் பெயர் தேடவில்லை. ‘கீழ்’ என்று சொல்லிவிட்டு, பழைய பின்னங்களையே மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘கீழ்’ என்றால் 320-ஆல் வகு என்று பொருள். அரை என்பது 1/2; கீழரை 1/640. முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400. கீழுக்குள் மறுபடி ஒரு கீழ் வந்தால் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். கல்லில் எழுத்துக்கு அடியில் எழுத்து செதுக்கும் தொல்லையே இல்லை. திண்ணைப் பள்ளிகளும் பின்ன வாய்பாட்டைக் ‘கீழ்வாய் இலக்கம்’ என்றே சொல்லிக் கொடுத்தன.

சிற்றுளி பிடித்தவர் ஒரு ‘கீழ்’ விட்டுவிட்டால் அந்தத் துண்டு நிலம் 320 மடங்கு பெருகிவிடும். நெல்லும் கூடவே பெருகும். உழுதவன் பாடு என்ன ஆகும்!

ஒரு வேலியில் 5242,88,00,000-ல் ஒரு பங்கு வரை கணக்கு இறங்கியது என்பர் வரலாற்றறிஞர். சற்றே போட்டுப் பாருங்கள். பிற்கால வழக்கில் வேலி சுமார் 6.6 ஏக்கர். அதில் முந்திரி ஏறத்தாழ 84 சதுர மீட்டர். கீழ்முந்திரி அரை மீட்டர்ச் சதுரம். அந்தக் கடைசிப் பங்கோ அரைச் சதுர மில்லிமீட்டர்தான். ஒரு நெல்மணிகூட அதில் அடங்காது. எந்தக் கோலும் வயலில் இதை அளந்திருக்க முடியாது. கூட்டிக் கழித்து வகுத்ததில் மிஞ்சிய துணுக்கு இது என்றே நான் கருதுகிறேன். அதையும் தள்ளிவிடாமல் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள்.