சசூன் குடும்பத்தின் அறக்கட்டளைகள்: யூதச் சமூகமும் பொதுச் சமூகமும்

மராத்திய மன்னர் இராஜாராம் 1689 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையைத் தம் தலைமையிடமாகக் கொண்டிருந்தார். முகலாயப் படை கோட்டையைச் சூழ்ந்திருந்த அக்காலத்தில், 1690-இல், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் எலிகூ யேல். அவர் காலத்துச் சென்னையில் வைரமும் பவழமும் வாங்கி விற்ற யூத வணிகர் குடியிருப்பு ஒன்று இருந்தது. கோல்கொண்டா வைரம் இங்கிருந்து இலண்டனுக்குச் சென்றது. மத்தியதரைக் கடல் பவழம் அங்கிருந்து இங்கு வந்தது. 1688-இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் தொடக்ககால உறுப்பினர்களுள் யூத வணிகரும் இருந்தனர்.

இன்று அக்குடியிருப்பின் அடையாளமாக எஞ்சியிருப்பவை பவழக்காரத் தெரு என்னும் பெயரும் சில கல்லறைக் கற்களுமே. வைரச் சந்தை வேறிடம் சென்றபோது வணிகரும் சென்றனர். ஊரில் நிலைக்கும்படியான அறநிலை எதையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பம்பாய்க்கு வந்த மற்றொரு யூதக் குடும்பமான சசூன் குடும்பத்தின் வரலாறு வேறு விதமாக அமைந்தது. அக்குடும்பத்தாரும் பின்னர் இந்தியாவை விட்டு நீங்கினர். ஆயினும் அவர்கள் நிறுவிய மருத்துவமனை, நூலகம், பள்ளி, தொழுகைக் கூடம் ஆகியவை இன்றும் இயங்குகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அறக்கட்டளை என்னும் அமைப்பாகும்.

கட்டளை என்னும் கருத்து

அறக்கட்டளை தமிழருக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு எரிக்கப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. மந்தையில் ஓர் ஆடு இறந்தால் அதன் குட்டி அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. முதல் கரையாமல் அதன் பயனைக் கொண்டு அறம் நடத்த வேண்டும் என்பதே இதன் பொருள். இன்றைய அறக்கட்டளைச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே.

யூத சமயத்தில் ஈகையைக் குறிக்கும் சொல் 'செடாக்கா'. இதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்பது பொருள். எனவே யூத மரபில் கொடை, கொடுப்பவரின் பெருந்தன்மையாகக் கருதப்படுவதில்லை. அது அவர் செலுத்த வேண்டிய கடனாகக் கருதப்படுகிறது. 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவர் பிறர் கையை எதிர்பாராமல் வாழும்படி தொழிலோ கடனோ தந்து நிலைநிறுத்துவதே அவற்றுள் உயர்ந்தது.

பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு

தாவீது சசூன் 1792-இல் பாக்தாத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அந்நகர ஆளுநர்களிடம் கருவூலத் தலைவராக இருந்தவர். தாவூத் பாஷாவின் ஆட்சியில் ஏற்பட்ட நெருக்கடியால் குடும்பம் பாக்தாத்தை விட்டு வெளியேறிப் பாரசீக வளைகுடாத் துறைமுகமான புஷேரில் தங்கியது. 1830-களின் தொடக்கத்தில் தாவீது பம்பாயில் குடியேறி வணிகம் தொடங்கினார். 1853-இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றபோது ஆவணத்தில் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டார். ஆங்கிலம் அறியாத அவர், இறுதிவரை பாக்தாத் உடையையே அணிந்தார்.

நிறுவனம் வளர்ந்தபோது பாக்தாத், பாஸ்ரா, அலெப்போ முதலிய ஊர்களிலிருந்து ஏழை யூதர்கள் வேலை தேடிப் பம்பாய்க்கு வந்தனர். அவர்களுக்குக் குடியிருப்பும் பள்ளியும் தொழுகை இடமும் தேவைப்பட்டன. இத்தேவையிலிருந்தே சசூன் அறப்பணிகள் முதலில் எழுந்தன. வணிகத்தின் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் நூற்றுக்குக் கால் பங்கு அறத்துக்கென ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டு வணிகர் சமூகங்களின் மகமையை இது ஒத்தது. ஆதாயம் வந்தால் கொடுப்பது என்றில்லாமல், கணக்கேட்டிலேயே அறத்துக்கு ஒரு பத்தி இருந்தது.

தம் சமூகத்துக்குச் செய்தவை

பம்பாய் பைக்குலாவில் மாகென் டேவிட் தொழுகைக் கூடம் 1861-இல் தாவீது சசூனால் கட்டப்பட்டது. புணேயில் ஓகெல் டேவிட் தொழுகைக் கூடத்தின் பணியை 1863-இல் அவர் தொடங்கினார். 1864-இல் அவர் காலமானார். கட்டடம் 1867-இல் நிறைவுற்றது. அதன் வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். செங்கல்லால் ஆன அக்கட்டடத்தைப் புணே மக்கள் 'லால் தேவள்', அதாவது சிவப்புக் கோயில், என அழைக்கின்றனர்.

தாவீதின் பேரர் ஜேக்கப் சசூன் தம் தந்தை எலியாஸ் நினைவாக 1884-இல் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் கெனெசெத் எலியாகூ தொழுகைக் கூடத்தைக் கட்டினார். ஹாங்காங்கில் தாய் லேயாவின் பெயராலும் ஷாங்காயில் மனைவி ராகேலின் பெயராலும் தொழுகைக் கூடங்கள் எழுந்தன. வணிகம் சென்ற துறைமுகங்களுக்கெல்லாம் அறமும் சென்றது எனலாம்.

பொதுச் சமூகத்துக்குச் செய்தவை

புணேயில் தாவீது சசூன் அளித்த கொடையால் உருவான சசூன் மருத்துவமனை 1867-இல் திறக்கப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி அனைவருக்கும் உரிய மருத்துவமனையாக அது விளங்கியது. எரவாடா சிறையிலிருந்த காந்தியடிகளுக்கு 1924 ஜனவரி 12 அன்று குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது இங்கேதான். இன்று இது பி. ஜே. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு மருத்துவமனையாகும்.

பம்பாயில் நாணயச் சாலை, கப்பல்துறை ஆகியவற்றின் தொழிலாளர்கள் 1847-இல் தொடங்கிய படிப்பகத்துக்கு நிலையான இடம் இல்லாதிருந்தது. சசூன் கொடையால் அதற்குக் கட்டிய கட்டடம் 1870-இல் நிறைவுற்றது. அதுவே காலா கோடாவிலுள்ள தாவீது சசூன் நூலகம். குற்றம் இழைத்த சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் கற்பிக்கும் சீர்திருத்தப் பள்ளியும் 1857-இல் இக்குடும்பத்தின் பெயரால் அமைந்தது. தாவீதின் மூத்த மகன் அப்துல்லா, பிற்காலத்தில் ஆல்பர்ட் சசூன் என அறியப்பட்டவர், 1875-இல் சசூன் கப்பல்துறையைக் கட்டினார். இது வணிக முதலீடாக எழுந்தது. இன்று மும்பையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. ஜேக்கப் சசூன் அறிவியல் கல்லூரி ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் அளித்தார். அதுவே மும்பையின் ராயல் அறிவியல் நிறுவனமாக உருப்பெற்றது.

பணம் தருவதோடு நில்லாத ஒருவரும் இக்குடும்பத்தில் இருந்தார். 1894-இல் கணவர் சாலமன் இறந்தபின் பம்பாய் நிறுவனத்தை நடத்தியவர் ஃப்ளோரா சசூன். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. உக்ரைனின் ஒடேசாவில் பிறந்த யூத அறிவியலாளர் வால்டெமர் ஹாஃப்கின், பைக்குலாவிலுள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி ஒன்றை உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். மக்கள் ஊசிக்கு அஞ்சினர். ஃப்ளோரா தாமும் ஊசி போட்டுக்கொண்டு, பிறரும் போட்டுக்கொள்ளத் துணிவு தந்தார்.

செல்வத்தின் மறுபக்கம்

இந்தக் கொடைகளுக்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வரலாறு கேட்க வேண்டும். சசூன் நிறுவனம் பருத்தி, துணி, நறுமணப் பொருள்கள் முதலியவற்றை விற்றது. அதன் பெருஞ்செல்வத்துக்கு அபின் வணிகமும் முக்கியக் காரணம். மாளவத்து அபின் பம்பாய் வழியே சீனாவுக்குச் சென்றது. அங்கே எண்ணற்ற குடும்பங்கள் அதனால் சீரழிந்தன. பிரித்தானியாவும் சீனாவும் செய்த உடன்பாட்டின்படி 1907-க்குப் பிறகே இவ்வணிகம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. புணேயில் ஏழைகளின் நோய் தீர்த்த பணத்தில் ஒரு பகுதி, கான்டனில் ஏழைகளை நோயாளிகளாக்கிய பணம். பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் கொடைகளுக்கும் இது பொருந்தும். மருத்துவமனையின் பயன் உண்மை. அதன் விலையும் உண்மை.

இரண்டாவது குறை சமூகத்துக்குள்ளேயே இருந்தது. பாக்தாத் யூதர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கொங்கணக் கடற்கரையில் மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்கள் வாழ்ந்தனர். பம்பாயில் அவர்களுக்கு 1796-லேயே தொழுகைக் கூடம் இருந்தது. வந்தவர்கள் முதலில் அவர்களோடு சேர்ந்தே வழிபட்டனர். ஆனால் 1836-இல், பொதுக் கல்லறை நிலத்தில் இரு பிரிவினரின் இடங்களுக்கு நடுவே தடுப்புச் சுவர் வேண்டும் என்று பாக்தாத் யூதர்கள் அரசுக்கு விண்ணப்பித்தனர். எல்லாச் சமயத்தாருக்கும் மருத்துவமனை கட்டிய மரபு, தன் சமயத்தாருள் ஒரு பிரிவைத் தள்ளி வைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

சமூகம் சென்றபின் எஞ்சுவது

1941-இல் இந்தியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தனர். 1947, 1948 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேல், பிரிட்டன் முதலிய நாடுகளுக்குச் சென்றனர். 2011-இல் அவர்கள் தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. மகாராட்டிர அரசு 2016-இல் அவர்களுக்குச் சிறுபான்மைத் தகுதி அளித்தது.

ஒரு சமூகத்துக்காக எழுதப்பட்ட கட்டளை, அச்சமூகம் ஊரில் இல்லாதபோது என்ன ஆகும்? பைக்குலாவிலுள்ள ஜேக்கப் சசூன் பள்ளி இதற்கு விடை தருகிறது. யூதக் குழந்தைகளின் இலவசக் கல்விக்காகத் தோன்றிய அப்பள்ளியில் இன்று பயிலும் மாணவர்களுள் பெரும்பாலோர் அப்பகுதி முஸ்லிம் குழந்தைகள். கெனெசெத் எலியாகூ தொழுகைக் கூடத்தை ஜேக்கப் சசூன் பெயரிலான அறக்கட்டளை இன்றும் பராமரிக்கிறது. அக்கட்டடம் உலக நினைவுச்சின்ன நிதியம், ஜே.எஸ்.டபிள்யூ. அறக்கட்டளை ஆகியவற்றின் துணையோடு சீரமைக்கப்பட்டு 2019-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிறிய சமூகத்தின் வழிபாட்டிடத்தைக் காக்கப் பொதுச் சமூகத்தின் நிதி வந்தது. ஒரு காலத்தில் பணம் சென்ற திசை இங்கே திரும்பியிருக்கிறது.

சட்டமும் இதற்கு வழி செய்கிறது. 1950-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வோர் அறக்கட்டளையும் பதிவு செய்து ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும். கொடையாளர் குறித்த நோக்கம் நிறைவேற இயலாமல் போனால், அதற்கு மிக நெருங்கிய நோக்கத்துக்கு நிதியைத் திருப்ப நீதிமன்றம் ஆணையிடலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று பச்சையப்ப முதலியார் அறக்கட்டளை. 1794-இல் மறைந்த அவர் தம் செல்வத்தைக் கோயில் பணிகளுக்கும் தருமங்களுக்கும் எழுதி வைத்தார். நீண்ட வழக்குக்குப் பின், எஞ்சிய நிதியைக் கல்விக்குப் பயன்படுத்த நீதிமன்றம் வழி செய்தது. 1842-இல் பள்ளி தொடங்கி, பின் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரியில் 1947 வரை இந்து மாணவர்களே சேர்க்கப்பட்டனர். அதன்பின் கதவு எல்லாருக்கும் திறந்தது. பம்பாயிலும் சென்னையிலும் நடந்தது ஒன்றே: தம்மவருக்கென்று தொடங்கிய அறம் காலப்போக்கில் ஊருக்கென்று ஆயிற்று.

முடிவு

2025-இல் யுனெஸ்கோ மராத்தியர் இராணுவ நிலப்பரப்பு என 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன; ஒன்று செஞ்சி. அச்செஞ்சிக் கோட்டைக்குள் உள்ள வெங்கட்ரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்ற தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. கட்டியவர்களும் இல்லை, காப்பதற்குப் பொறுப்பேற்றவர்களும் இல்லை என்ற நிலையில் கல்லும் இடம்பெயரும். சசூன் குடும்பத்தார் பைக்குலாவில் வாழ்ந்த மாளிகையும் கைமாறியது. அது இப்போது மசீனா மருத்துவமனை. ஆனால் அவர்கள் முறையாக எழுதி வைத்த கட்டளைகள் இடம்பெயரவில்லை. பொறுப்பாளர், கணக்கு, நோக்கம் ஆகிய மூன்றும் இருக்கும்வரை, கொடுத்தவர் ஊரில் இல்லாவிட்டாலும் அறம் நடக்கும். சாவா மூவாப் பேராடு என்ற சொல்லாட்சி உணர்த்துவதும் அதுவே.