பைத்தியம்னு சொல்லிட்டா தப்பிச்சிடலாமா? ஒரு 200 வருஷக் கதை

கொலைச் செய்தி ஒண்ணு வந்தா போதும். டீக்கடையில ஆரம்பிச்சு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் ஒரே பேச்சு: "மனநிலை சரியில்லைனு ஒரு சர்டிபிகேட் வாங்குவான், ஜாலியா வெளிய வந்துடுவான்."

நம்ம சினிமாவும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. ஆனா வரலாற்றைப் புரட்டினா விஷயம் தலைகீழ். அந்தக் கதவு வழியா போன பல பேர், குற்றவாளின்னு தீர்ப்பாகி தண்டனை வாங்கியிருந்தா கூட இருந்திருக்காத அளவு காலம் உள்ளேயே கிடந்திருக்காங்க. சிலர் அங்கேயே செத்துப் போனாங்க.

இழை கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

1800, மே 15. லண்டன், ட்ரூரி லேன் தியேட்டர். நாடகம் பார்க்க வந்த மன்னர் மூன்றாம் ஜார்ஜை நோக்கி ஒருத்தர் துப்பாக்கியால சுடறார். குறி தப்பிடுச்சு. சுட்டவர் பேர் ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட், முன்னாள் சிப்பாய். 1794 போர்ல தலையில வாள்வெட்டு பட்டவர். அரசாங்கத்தின் கையால் தான் செத்தா இயேசுவின் இரண்டாம் வருகை நடக்கும்ங்கிறது அவருடைய நம்பிக்கை. தற்கொலை பாவம், அதனால அரசாங்கமே தன்னைத் தூக்குல போடணும்னு மன்னரைச் சுட்டார்.

அவருக்காக வாதாடினவர் தாமஸ் எர்ஸ்கின். தலைக்காயத்தைப் பற்றி டாக்டர்கள் சாட்சி சொன்னாங்க. புத்தி பேதலித்த நிலையில் செய்தார், குற்றவாளி இல்லைனு ஜூரி சொல்லிடுச்சு.

இப்பதான் சிக்கல். குற்றவாளி இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பணும். மன்னரைச் சுட்டவரை எப்படி அனுப்புறது? அவசர அவசரமா நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. இப்படி விடுதலை ஆகிறவர்களை மன்னரின் விருப்பம் தெரியும் வரை காவல்ல வைக்கலாம். ஏற்கனவே முடிஞ்ச ஹாட்ஃபீல்ட் கேஸுக்கும் அது பொருந்தும்.

அந்தச் சட்டத்துல எத்தனை வருஷம்னு இல்லை. யார், எப்ப திரும்பப் பரிசோதிக்கணும்னும் இல்லை. ஹாட்ஃபீல்ட் 1841ல பெத்லம் மருத்துவமனையில காசநோயால இறந்தார். கணக்கு போட்டுக்கோங்க, 41 வருஷம்.

அடுத்தது 1843. இது எங்க பாடப்புத்தகத்துல வர்ற கேஸ். கிளாஸ்கோவைச் சேர்ந்த மரக்கடைசல் தொழிலாளி டேனியல் மெக்நாட்டன். ஆளுங்கட்சி தன்னை விடாம துரத்துதுன்னு ஒரு பிரமை. பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டை முதுகுல சுட்டார், அஞ்சு நாள்ல அவர் இறந்துட்டார். இவருக்கும் அதே தீர்ப்பு. விக்டோரியா மகாராணிக்குக் கடும் கோபம். 1840ல அவங்களையே சுட்ட எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இதே தீர்ப்புதான் கிடைச்சிருந்தது.

பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுச்சு. அந்தப் பதில்கள்தான் மெக்நாட்டன் விதிகள். சுருக்கமா: மனநோயால, தான் என்ன செய்யறோம்னே தெரியாம, இல்ல அது தப்புன்னு தெரியாம செஞ்சிருந்தா தண்டனை இல்லை. 1860 இந்திய தண்டனைச் சட்டத்தின் 84வது பிரிவு இதே வழியில வந்ததுதான். இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22வது பிரிவு.

மெக்நாட்டன் என்ன ஆனார்? 21 வருஷம் பெத்லம். அப்புறம் புதுசா கட்டின பிராட்மூர் மருத்துவமனை. 1865ல அங்கேயே மரணம்.

மகாராணியைச் சுட்ட ஆக்ஸ்ஃபோர்ட் கதை வேற. பெத்லம்ல மொழிகள் படிச்சார், பெயின்ட் வேலை கத்துக்கிட்டார். 27 வருஷம் கழிச்சு, நாட்டை விட்டே போயிடணும்ங்கிற நிபந்தனையோட விட்டாங்க. ஆஸ்திரேலியா போய், பேரை மாத்திக்கிட்டு, மெல்போர்ன்ல பெயின்டரா வாழ்ந்தார். ஒரு புத்தகம் கூட எழுதினார். 1900ல இறந்தார். யாரையும் சுடலை.

சரி, ஒருத்தரை வெச்சு முடிவு பண்ண முடியாது. "இவங்களை எல்லாம் வெளிய விட்டா என்ன ஆகும்?" இது நியாயமான கேள்வி. உங்க பக்கத்து வீட்டுக்கு அப்படி ஒருத்தர் குடிவந்தா நீங்களும் கேப்பீங்க, நானும் கேப்பேன். இதைச் சோதிச்சுப் பார்க்க யாரும் ஆய்வு நடத்த முடியாது. ஆனா அமெரிக்காவுல ஒரு கைதி போட்ட வழக்கால அது தானாவே நடந்துச்சு.

ஜானி பாக்ஸ்ட்ராம். நியூயார்க் மாநிலத்துல 1959ல அடிதடி வழக்கில் தண்டனை, அதிகபட்சம் 3 வருஷம். ஜெயில்ல இருக்கும்போது மனநோய்னு சொல்லி டன்னமோரா மருத்துவமனைக்கு மாத்தினாங்க. பேருதான் மருத்துவமனை, நடத்துனது சிறைத்துறை. 1961 டிசம்பர்ல தண்டனைக்காலம் முடிஞ்சுது. விடலை. ஆபத்தானவர், அங்கேயே இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டாங்க.

1966 பிப்ரவரியில அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதா தீர்ப்பு சொல்லுச்சு. சாதாரண ஒருத்தரை மனநல மருத்துவமனையில கட்டாயமா சேர்க்க என்னென்ன விசாரணை உண்டோ, தண்டனை முடிஞ்ச கைதிக்கும் அது உண்டு. அவருக்கு மட்டும் இல்லைனு சொல்றது சமத்துவம் இல்லை.

விளைவு? அதே நிலையில அடைபட்டிருந்த 967 பேரை சில மாசத்துல சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாத்தியாகணும். அங்க வேலை பார்த்த ஊழியர்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. "இத்தனை வருஷம் ஆபத்தானவங்கன்னு பூட்டி வெச்சவங்களை எங்க வார்டுக்கு அனுப்பறீங்களா?"

ஸ்டெட்மன், கொகோசா ஆகிய ஆய்வாளர்கள் நாலு வருஷம் இவங்களைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. ஒரு முறையாவது யாரையாவது தாக்கினவங்க சுமார் 20 சதவீதம். திரும்பவும் பாதுகாப்பு மிகுந்த பழைய மாதிரி இடத்துக்கே அனுப்பற அளவுக்கு ஆபத்தா இருந்தவங்க சுமார் 3 சதவீதம்.

20 சதவீதம் சின்ன எண் இல்லை. அடி வாங்கின நர்ஸுக்கும் சக நோயாளிக்கும் அது நூறு சதவீதம்தான். இவங்கள்ல பல பேர் நடுவயசைத் தாண்டினவங்க, அதனால வேகம் குறைஞ்சிருக்கலாம்ங்கிறதையும் சேர்த்தே பார்க்கணும். ஆனாலும் ஒரு 30 பேருக்காக 967 பேரைப் பூட்டி வெச்சிருந்தாங்க. பூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தது எங்க ஆளுங்கதான், டாக்டர்கள்.

அதுக்கப்புறம்தான் எங்க துறைக்குப் புத்தி வந்துச்சுன்னு சொல்லுவேன். பார்த்த உடனே "இவன் ஆபத்தானவன்"னு சொல்ற பழக்கத்தை விட்டுட்டு, முறையா மதிப்பிடற கருவிகள் வந்தன. 1995ல கனடாவிலிருந்து வந்த ஹெச்சிஆர்-20 அதுல ஒண்ணு. மொத்தம் 20 அம்சம். பத்து கடந்த காலம் பற்றி, அஞ்சு இப்போதைய நோய்நிலை பற்றி, அஞ்சு இனிமே இருக்கப் போற சூழல் பற்றி: வீடு இருக்கா, ஆள் துணை இருக்கா, மருந்து ஒழுங்கா போடுவாரா. முதல் பத்தும் பெரும்பாலும் மாறாது. அடுத்த பத்து மாறும். மாறும்னா என்ன அர்த்தம்? ஒரு தடவை எழுதி ஃபைலை மூடக்கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்கணும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். இங்க கதை இன்னும் மோசம்.

முதல்ல ஒரு வித்தியாசம் புரிஞ்சுக்கணும். சம்பவம் நடந்தப்போ மனநிலை எப்படி இருந்துச்சுங்கிறது ஒரு கேள்வி. விசாரணையைப் புரிஞ்சுக்கிட்டு தன் தரப்பைச் சொல்ற நிலையில இப்ப இருக்காரான்னு இன்னொரு கேள்வி. ரெண்டாவதுக்கு "இல்லை"னு பதில் வந்தா கேஸ் அப்படியே நிக்கும். குணமாகிற வரைக்கும் ஆள் காத்திருக்கணும். குணமான பிறகு யாராவது கோர்ட்டுக்குச் சொல்லணும். யாரும் சொல்லலைன்னா?

மச்சாங் லாலுங். அசாம், திவா பழங்குடி. 1951ல கொடுங்காயம் ஏற்படுத்தியதா கைதானப்போ வயசு 23. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. 1967ல டாக்டர்கள், குணமாகிட்டார்னு சான்று கொடுத்தாங்க. வீட்டுக்கோ கோர்ட்டுக்கோ போகலை, குவாஹாத்தி ஜெயிலுக்குப் போனார். அங்கேயே 38 வருஷம். விசாரணை நடக்கவே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டு 2005 ஜூலையில ஒரு ரூபாய் பிணையில் வெளிய வந்தப்போ வயசு 77. உச்ச நீதிமன்றம் 3 லட்சம் இழப்பீடும் மாசம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கச் சொல்லுச்சு. 2007ல இறந்துட்டார்.

அவர் மட்டும்னு நினைக்காதீங்க. ஹஜாரிபாக் ஜெயில்ல இப்படி குணமான பிறகும் 20, 30 வருஷமா கிடந்தவங்களைப் பற்றி ஒரு இலவச சட்ட உதவிக் குழு கடிதம் எழுதி, 1982லயே உச்ச நீதிமன்றம் அவங்களை விடச் சொல்லியிருக்கு. அந்த ஆணை வந்தப்பவும் லாலுங் உள்ளேதான் இருந்தார்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 103 இதுக்குத்தான். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு இருக்கணும். சிறைல மனநோயாளிகள் இல்லைனு சிறை மருத்துவர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மனநல ஆய்வு வாரியத்துக்குச் சான்று தரணும். வாரியம் நேரா ஜெயிலுக்கே வந்து, "இவரை ஏன் இன்னும் இங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்கலாம். சட்டம் நல்ல சட்டம். கேட்கிற வாரியம் எல்லா மாவட்டத்துலயும் உயிரோட இருக்கணும், அதுதான் விஷயம்.

உங்க வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படி விசாரணைக் கைதியா, மனநோயோட உள்ளே இருந்தா: 15100, இலவச சட்ட உதவி எண். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாள்ல மனு எழுதினாலும் போதும். பழைய சிகிச்சைச் சீட்டு, மருந்துச்சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீங்க, நகல் எடுத்து வக்கீல் கையிலயும் சிறை மருத்துவர் கையிலயும் கொடுங்க. மருந்து நடுவுல நிக்காம இருக்க அந்த ஒரு சீட்டு ரொம்ப உதவும்.