கோட்டைச் சுவரும் கோயில் தொழும்பும்

திருகோணமலையின் வரலாற்றைப் பாடநூல்கள் கப்பல்களை வைத்தே சொல்கின்றன. 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து அதே ஆண்டில் துரத்தப்பட்டார்கள். 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்ததை ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் பறித்துக்கொண்டார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து ஒரேயடியாகத் தங்கினார்கள். வரலாறு படிப்பித்த காலம் முழுவதும் இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதியவள் நான். துறைமுகத்தை விரும்பியவர்களின் வரிசை அது. அந்த வரிசைக்கு அடியில், இந்த மண்ணில் கல் சுமந்தவர்கள், நெல் குத்தியவர்கள், குளத்து மதகைக் காத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கதையைச் சொல்லாமல் இங்கே குடியேற்ற ஆட்சி எப்படி நிலைகொண்டது என்பது விளங்காது.

கப்பல்கள் வருமுன் இந்த வட்டாரத்தின் உழைப்பு கோணேசர் கோயிலைச் சுற்றியே ஒழுங்குபட்டிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம் இது. கவிராசவரோதயன் பெயரில் வழங்கும் கோணேசர் கல்வெட்டு என்ற நூல், குளக்கோட்டன் என்ற அரசன் தானத்தார், வரிப்பற்றார் என்ற குடிகளைக் கடல் கடந்து அழைத்துவந்து குடியேற்றினான் என்கிறது. பூசைக்கு நெல் குத்துவது யார், பூமாலை கட்டுவது யார், விறகு தருவது யார், கணக்கு எழுதுவது யார், பிணக்கு வந்தால் தீர்ப்பது யார் என்றெல்லாம் அது விரிக்கிறது. கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, திருகோணமலைப்பற்று என்ற நான்கு பற்றுகளும் தொழும்பு என்ற இந்தக் கோயில் பணி ஒழுங்கில் கட்டுண்டிருந்தன. இதற்குள்ளும் மேல் கீழ் இருந்தது. பிறப்பால் வேலை விதிக்கப்பட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் வேலைக்கு ஈடாக வயலும் பங்கும் கோயிலில் ஒரு மரியாதையும் இருந்தன. எங்கள் அம்மம்மா தம்பலகாமத்தில் பூசைக்கு நெல் குத்தியவர். கேட்டால் சொல்வார்: “கூலிக்குக் குத்தல்ல புள்ள, முறைக்குக் குத்துறம்.”

இந்த ஒழுங்கை முதலில் உலுக்கியவர்கள் போர்த்துக்கேயர் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். அதற்குச் சற்று முன் நடந்த ஒன்று பலருக்கும் தெரியாது. 1620 மே மாதத்தில் ஓவ கெட்டே என்ற, 25 வயதே ஆன டென்மார்க் தளபதி கப்பல்களோடு இலங்கைக் கரையை அடைந்தார். கண்டியரசன் செனரத்தோடு பேசி, திருகோணமலையில் கோட்டை கட்டும் வேலையைத் தொடங்கினார். அது கைகூடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டென்மார்க்குக்குத் தரங்கம்பாடி கிடைத்தது. எங்கள் விரிகுடாவில் எழும்ப வேண்டிய டேனிஷ் கோட்டை சோழமண்டலக் கரையில் எழும்பியது. இன்னொரு ஐரோப்பியன் இங்கே காலூன்றிவிடுவான் என்ற அச்சம் போர்த்துக்கேயருக்கு அந்த டேனிஷ் முயற்சியால் கூடியது.

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களின் தொடக்கத்தில் கோயிலை இடித்தார். அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் முக்கோண வடிவில் கோட்டை கட்டினார். மலையடியிலும் நடுவிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்ததைப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோசின் நூல் பதிவுசெய்கிறது. இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அந்த இடத்தின் வாசலால் நுழைபவர்கள் நிலைக்கல்லில் செதுக்கிய இரட்டை மீன்களையும் தமிழ் எழுத்துகளையும் பார்க்கலாம். இடித்த தளபதியின் பெயர் ஒவ்வொரு மாணவருக்கும் தெரியும். அந்தக் கருங்கல்லைப் பெயர்த்து, உருட்டி, சுண்ணாம்பு குழைத்து மீண்டும் அடுக்கிய கைகள் யாருடையவை என்று எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை. 1639இல் ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து கோட்டையைப் பிடித்த பின் அது தகர்க்கப்பட்டது. 1660களில் ஒல்லாந்தர் திரும்பிவந்து மறுபடியும் கட்டினார்கள். ஒரு தலைமுறைக்குள் அதே கற்களைத் தோள்கள் பலமுறை சுமந்திருக்கும்.

கல் போயிற்று, பூசை போகவில்லை. விக்கிரகங்களில் சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். சிலவற்றை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் தம்பலகாமத்து வயல்களின் நடுவே ஆதிகோணேசர் கோயில் அமைந்தது. அதற்கு இரண்டாம் இராசசிங்கனின் ஆதரவு இருந்ததாக மரபு சொல்கிறது. திருகோணமலை நகரிலிருந்து சுமார் 24 கிலோமீற்றர் தூரம். பறங்கியின் பீரங்கி எட்டாத இடம், நெல் விளையும் இடம். கோயில் இடம் மாறியபோது தொழும்பும் கூடவே போனது. நெல் குத்தும் முறை, மாலை கட்டும் முறை, ஆடித் திருவிழாவின் முறை எல்லாம் அங்கே வேர்பிடித்தன. கண்டியரசு நிழல் கொடுத்தது சைவருக்கு மட்டுமன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தையும் தடைசெய்திருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகள் ஏழை வேடத்தில் ஒளிந்து திரிந்தார்; கடைசியில் கண்டி நாட்டிலேதான் அவரால் வெளிப்படையாகப் பணிசெய்ய முடிந்தது.

துறைமுகத்தின் தென்கரையில், கொட்டியாரத்தில், அந்தக் காலத்து வாழ்க்கையை நெருங்கிப் பார்க்க ஒரு சாளரம் இருக்கிறது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டவும் துணி விற்கவும் இங்கே வந்தது. பரங்கிப்பேட்டை வணிகர்களும் அதில் வந்தார்கள். பாய்மரத்துக்கு மரம் தரும் காடும், துணி வாங்கும் சந்தையும், சோழமண்டலத்தோடு பழைய உறவும் கொட்டியாரத்துக்கு இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1660இல் கண்டியரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்சையும் மாலுமிகளையும் பிடித்துச் சென்றார்கள். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைதியாக இருந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் தப்பி, 1681இல் நூல் வெளியிட்டார். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று இன்றும் காட்டப்படும் இடம் அவர் நினைவுக்கு உரியது. மன்னரின் கைதிகளுக்கு உணவு படைத்தது அந்தந்த ஊர் மக்களின் கடமையாக இருந்தது. அந்தச் சுமையும் உழைப்பாளியின் அடுப்பிலேதான் விழுந்தது.

ஒல்லாந்தர் கொண்டுவந்த ஆட்சி வேறு வகையானது. கிறிஸ்தவ ஞானஸ்நானம் பெற்றுப் பதிவேட்டில் பெயர் எழுதினால்தான் திருமணமும் பதவியும் செல்லுபடியாகும். உழைப்போ ஊழியம் என்ற பெயரில் கணக்கிடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் ஒல்லாந்தரின் வணிகக் கும்பனிக்கு வேலை செய்ய வேண்டும், அல்லது தண்டம் கட்ட வேண்டும். திருகோணமலையும் அந்த யாழ்ப்பாண நிருவாகத்தின் கீழேதான் இருந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பஞ்சத்தில் விற்கப்பட்ட மக்கள் அடிமைகளாக இலங்கைக்கு ஏற்றப்பட்டதும் இதே கும்பனிக் காலத்தில்தான். 1786இல் திருகோணமலை அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் எனப் பற்றுப் பற்றாகச் சென்று நாட்குறிப்பு எழுதினார். கோட்டைக்குச் சோறு வேண்டும், சோற்றுக்குக் குளம் வேண்டும், குளத்துக்கு ஆள் வேண்டும். துறைமுகத்தைப் பீரங்கியால் பிடிக்கலாம், உழவர் இல்லாமல் வைத்திருக்க முடியாது.

பிரித்தானியர் 1803இல் கோட்டைக்கு யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரைச் சூட்டினார்கள். 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய வேலையை ஒழித்தார்கள். இதற்கிடையே, கோயிலற்ற பாறை விளிம்பில் பூசகர் நின்று கடலுக்குப் பூவும் வெற்றிலையும் சொரிந்து தேங்காய் உடைத்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். 1950இல் கிணறு வெட்டியபோது புதையுண்ட விக்கிரகங்கள் வெளிவந்தன. 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிசேகம் நடந்தது. மலைக்குப் பூசை திரும்பியது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் அதைக் காப்பாற்றியவை தம்பலகாமத்து உரல்களும் வயல்களும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் தம்பலகாமத்திலிருந்து பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. எந்த வளவுக்கு எந்த முறை, எந்த வயல் எந்தத் தொழும்புக்கு என்று தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போர்த்துக்கேயர் எழுதினார்கள், ஒல்லாந்தர் எழுதினார்கள், கைதியான நொக்ஸ்கூட எழுதினார். நெல் குத்திய பெண்கள் எழுதவில்லை. பாடசாலைகள் பிள்ளைகளைக் கோட்டை பார்க்க அழைத்துச் செல்வதோடு நிற்கக் கூடாது. தம்பலகாமத்து முதியவர்களிடமும் கூட்டிப்போய், அவர்கள் சொல்வதை ஆண்டும் பெயரும் சேர்த்து எழுதச்செய்ய வேண்டும். இந்தத் துறைமுகத்தின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.